ஒரு தோட்டா போதும்

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து இவர் கிளிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கியவை ரொம்ப இறுக்கம், வெட்டினவன் அளவைத் தப்பாக வெட்டிவிட்டான் என்று ஒரே புலம்பல். நான் சாம்பாரைக் கொதிக்கவைத்து இறக்கி, அப்பளம் பொரித்து முடிக்கும்வரை சாப்பாட்டு மேஜையை விட்டு எழவில்லை.

கிளிப் என்பது இவருடைய ரிவால்வருக்கான சின்ன எஃகுத் தகடு. மூன் கிளிப் என்பார்கள். நிலா மாதிரி வட்டமாக இருப்பதால் அந்தப் பெயராம். எனக்கு அது பூ மாதிரித்தான் தெரியும். ஓரத்தில் எட்டு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு தோட்டாவின் அடிப்பக்கத்தை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும். எட்டும் உட்கார்ந்துவிட்டால் மொத்தமாக எடுத்து ஒரே தடவையில் சிலிண்டருக்குள் போட்டுவிடலாம். சுட்டு முடித்ததும் எட்டு வெற்றுத் தோட்டாக் கூடுகளும் கிளிப்போடு ஒன்றாக வெளியே வந்துவிடும். போட்டியில் நேரம் மிச்சம்.

அமெரிக்காவில் இந்த டல்சாவுக்கு வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய்ப் பழக்கிவிட்ட பைத்தியம். மற்ற வீட்டு ஆண்கள் கோல்ஃப் ஆடப் போகிறார்கள், இவர் சுடப் போகிறார். வீட்டில் துப்பாக்கி இருப்பது எனக்குப் பிடிக்காது. ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் புதிய கிளிப்புகளை ஒதுக்கிவிட்டுப் பழையதை எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தார். இதுவும் இறுக்கமாக இருக்கிறது என்றார்.

மார்ச் 22, சனி

இடுக்கி மாதிரி ஒரு கருவி வாங்கி வந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடினார். பிறகு கூப்பிட்டார்.

"ஏளா மதி, இங்க வா. இதக் கொஞ்சம் அமுக்கு."

"எனக்கு என்னத்துக்கு இந்த வேல?"

"சும்மா அமுக்கிப் பாரேன். உனக்கும் இறுக்கமா இருக்கான்னு தெரியணும்லா."

அமுக்கினேன். டிக். இடுக்கி இல்லாமல், வெறும் கட்டைவிரலால். இரண்டாவது, மூன்றாவது, எட்டும் உட்கார்ந்துவிட்டன. இவர் கிளிப்பைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்கா திருவுத கையில்லா" என்றார்.

இன்னும் நான்கைந்து கிளிப்பை என் பக்கம் தள்ளினார். போட்டுக் கொடுத்தேன். டிரையரில் துணி காய்ந்துவிட்டது, மடிக்கவேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் தடவையாக நானும் கிளப்புக்குப் போனேன். ஊருக்கு வெளியே, மாட்டுப் பண்ணைகளையெல்லாம் தாண்டி ஒரு பொட்டல். போட்டியின்போது கிளிப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். இவர் அப்படிச் சொல்லவில்லை. "சும்மா காத்தாட வாயேன்" என்றுதான் சொன்னார்.

இவருடைய நண்பர் டேலை அங்கேதான் பார்த்தேன். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. வெள்ளைத் தாடியோடு ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுட்ட கூடுகளைக் கிளிப்பிலிருந்து கழற்ற எனக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு சிறு குழாயைக் கூட்டின் மேல் மாட்டி லேசாகத் திருகவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிளிப் வளைந்துவிடும். வளைந்த கிளிப்பைப் போட்டால் சிலிண்டர் சுற்றாது. சந்தேகமாக இருந்தால் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்கவேண்டும், ஆடினால் அது வளைந்தது.

அவசரப்பட்டேன். சூடு தெரியாமல் கையில் அள்ளிவிட்டேன். விரல் நுனி கொப்பளித்திருக்கிறது.

திரும்பி வரும்போது, "டேல் உங்க கைக்கு என்னன்னு கேட்டாரு" என்றேன்.

"நீ என்ன சொன்ன?"

"குளிர்னு சொன்னேன்."

"ஆமா, குளிர்தான்" என்றார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆபீஸுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குளிர் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

மே 13

நரம்பு டாக்டரிடம் நாள் கிடைத்திருக்கிறது. தோசைக்கு அரைத்தேன்.

ஜூன் 4, புதன்

சங்கரலிங்கம் என்ற பெயரை இந்த ஊரில் பிழையில்லாமல் சொன்ன முதல் ஆள் அந்த டாக்டர்தான். சொல்லிப் பழகிவிட்டு வந்திருக்கிறார். கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோயாம். கையில் ஆரம்பித்திருக்கிறது, கால், தொண்டை, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது. இவருக்கு வேகமாகப் போகிற மாதிரித் தெரிகிறது என்றார். மூளை கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். செப்டம்பரில் ஒரு போட்டி இருக்கிறது, அதில் கலந்துகொள்ள முடியுமா என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

வரும்போது இவர்தான் வண்டி ஓட்டினார். இந்தியக் கடையில் நிறுத்தச் சொன்னேன். முருங்கைக்காய் நன்றாக இருந்தது, வாங்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு

சியாட்டிலில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னோம். அகல்யா அழவில்லை. என்னென்ன பரிசோதனை, எந்த டாக்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே மறுபடி கூப்பிட்டு அழுதாள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனைப் பிடித்திருந்தது நான்.

ஜூலை 12, சனி

மாலை நேரங்களில் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துவிடுகிறோம். நான் கிளிப்பில் தோட்டா போடுகிறேன். இவர் அருகில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு, நான் தள்ளிவிடும் காலிக் கிளிப்புகள் ஆடுகின்றனவா என்று பார்க்கிறார். என் கட்டைவிரலில் காய்ப்பு விழுந்திருக்கிறது.

"நீ போடுத கிளிப்புல சிலிண்டர் வெண்ணெயாட்டம் சுத்துதுளா."

"நான் போட்டாலும் டேல் போட்டாலும் ஒண்ணுதான்."

"அவன் போட்டா அவன் வீட்டுக்குல்லா போயிருவான்."

நேற்றுத் திடீரென்று, திருநெல்வேலியில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதைச் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல என்று பஸ் ஸ்டாண்ட் வரை அவருடைய அப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனாராம்.

"பிடிச்சுதா இல்லையான்னு நீ இன்னும் சொல்லல" என்றார்.

சிரித்துவிட்டு அடுத்த கிளிப்பை எடுத்தேன்.

இந்த மாதம் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17

வேலையை விட்டுவிட்டார். ஆபீஸில் கேக் வெட்டினார்களாம். கத்தியைப் பிடிக்கச் சொல்லவில்லையாம், அது பெரிய உபகாரம் என்றார்.

செப்டம்பர் 20, சனி

போட்டி.

இரண்டு கையாலும் பிடித்து, இடது கை விரலால் சுட்டார். முதல் எட்டும் நன்றாகவே போயின. இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கூடுகளை உதறிவிட்டு இடுப்பிலிருந்து அடுத்த கிளிப்பை எடுத்தார். அது நழுவிச் சரளைக் கல்லில் விழுந்தது.

இடுப்பில் இன்னும் கிளிப்புகள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார்கள். இவர் குனிந்தார். விழுந்ததை எடுக்கப் பார்த்தார். விரல்கள் அதன் மேல் போய் மூடிக்கொள்ள மாட்டேன் என்றன. ஒரு தடவை விளிம்பில் நிமிர்த்தினார், அது மறுபடி சரிந்தது. பின்னால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம். உள்ளே போகக்கூடாது.

கடைசியில் நிமிர்ந்து ரிவால்வரை மேஜையில் வைத்துவிட்டு, தமிழில், "முடிஞ்சு" என்றார். நடுவருக்குப் புரியவில்லை. டேலுக்குப் புரிந்தது.

வண்டியில் இவர் தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டார். இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இனிமேல் கிளப் இல்லை. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிடலாம் என்றேன். ரிவால்வரை மட்டும் கட்டிலருகே இழுப்பறையில் வைக்கச் சொன்னார். அவ்வப்போது கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் போல இருக்கிறதாம்.

"ஒரு கிளிப்பப் போட்டும் வச்சிரு மதி."

"வெறுமனே பாக்கதுக்குக் கிளிப் எதுக்கு?"

"பாரம் சரியா இருக்கணும்லா. காலியா இருந்தா கைக்கு வேற மாதிரி இருக்கும்."

அது நியாயம்தான். போட்டு வைத்தேன்.

அக்டோபர் 7

இவரைக் குளிக்க உட்காரவைத்த நேரத்தில் அந்தக் கிளிப்பைக் கழற்றித் தோட்டாக்களைத் தனியாக எடுத்து வைத்தேன். ரொம்ப நாள் தோட்டாவோடு இருந்தால் தகடு தளர்ந்துபோகும் என்று எங்கேயோ படித்த ஞாபகம்.

அக்டோபர் 10

"மதி, இது காலியா இருக்கு."

"துடைச்சு வச்சேன்."

"திரும்பப் போட்டு வச்சிரு."

போட்டு வைத்தேன். கீரை மசித்தேன். இவருக்கு இப்போது மசித்ததுதான் இறங்குகிறது. ஸ்பூனை அவரே பிடித்துச் சாப்பிட்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

போடச் சொல்வார், போடுவேன். அவர் மத்தியானம் கண்ணயர்ந்ததும் கழற்றுவேன். மறுநாள் திறந்து பார்ப்பார். காலியாக இருக்கும். மறுபடி போடச் சொல்வார். கோபப்படுவதில்லை. ஏன் கழற்றினாய் என்று கேட்பதும் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறார்.

எட்டு முறை அமுக்கு, எட்டு முறை திருகு. துணி துவைத்து மடிக்கிற மாதிரி இதுவும் ஒரு வேலை.

நவம்பர் 2, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் துடைத்துவிட்டேன். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் இதைத் தெளிவாகத்தான் சொன்னார்.

"எட்டு வேண்டாம்ளா. ஒண்ணு போதும்."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் சருகு அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போட்டா பாரம் எப்படிச் சரியா இருக்கும்?" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஏதாவது சொல்லணும்னா சொல்லு மதி" என்றார்.

"சொல்ல என்ன இருக்கு? மாத்திர போடணும், தண்ணி சுட வைக்கேன்."

எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 3

கிளிப்புகள் எல்லாம் பழசாகிவிட்டன. வளைந்துபோயிருந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. குப்பையில் போட்டுவிட்டேன். சுத்தியலைக் காரேஜில் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

நவம்பர் 5

கிளிப் எங்கே என்று கேட்டார். வளைந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். எல்லாமா என்றார். எல்லாம்தான் என்றேன்.

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேறு எதுவும்கூட அதிகம் கேட்பதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

போன வாரம் குளியலறையில் விழுந்துவிட்டார். ஊன்றக் காலும் இல்லை, பிடிக்கக் கையும் இல்லை. டேல் ஓடி வந்துதான் தூக்கினார். சக்கர நாற்காலி வந்துவிட்டது. வயிற்றில் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச்சு எனக்கு மட்டும்தான் பாதி புரிகிறது.

இன்று டேலை வரச் சொல்லி ரிவால்வரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இவர் ஹாலில் நாற்காலியில் இருந்தார். நாங்கள் படுக்கையறையில். டேல் இழுப்பறையைத் திறந்து, சிலிண்டரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, துணியில் சுற்றினார். அடியில் இருந்த தோட்டா டப்பாவையும் எடுத்தார். அதை நான் அங்கேயே விட்டிருந்தேன். கிளிப் இல்லாமல் வெறும் தோட்டாவால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்துத்தான்.

யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. "கிளிப்பெல்லாம் நான்தான் சுத்தியலால் அடித்து வளைத்துவிட்டேன், டேல். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளிப் இல்லாவிட்டால் எதுவும் பண்ண முடியாதல்லவா" என்றேன்.

அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் நல்லதுதான் செய்தீர்கள்" என்றார்.

அவர் முகம் சரியில்லை. "என்ன?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். விடாமல் கேட்டேன்.

"கிளிப் வேகத்துக்காக மட்டும்தான். ஒரே ஒரு தோட்டா என்றால் அதற்குக் கிளிப் தேவையே இல்லை. ஷங்கருக்கு அது தெரியும். எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்."

அவர் போன பிறகு அந்த இழுப்பறையைச் சும்மா திறந்து மூடினேன். சுலபமாகத்தான் திறக்கிறது. நவம்பரில் இவரால் ஸ்பூன் பிடிக்க முடிந்தது.

டிசம்பர் 16

சமையல், மருந்து, படுக்கை மாற்றுவது. வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 25

அகல்யா வந்திருக்கிறாள். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாள். நான் செய்வதைவிட நன்றாகச் செய்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

பேச்சு முழுவதும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆங்கில எழுத்துப் பலகை ஒன்று கொடுத்தார்கள். இவர் அதைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் தமிழில் ஒன்று எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டேன். வரிசைமேல் விரலை நகர்த்திக்கொண்டே போகவேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மேலே உயர்த்துவார். ஒரு வார்த்தைக்கு உயிர் போய் உயிர் வரும்.

முதலில் எழுதியது: முதுகு. சொறிந்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. நல்ல வெயில் இருந்தது, நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"கிளிப் வேண்டாம்னு உங்களுக்குத் தெரியும்லா. நீங்களே போட்டிருக்கலாம். பின்ன எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

கண்ணை மூடித் திறந்தார். பலகையை எடுத்தேன்.

நீ.

அப்புறம் நெடுநேரம் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. நடுவில் இருமல் வந்தது, சளியை எடுத்துவிட்டேன். எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

நீ இருங்கன்னு சொல்லுவியான்னு.

அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர் ஒவ்வொரு நாளும் கேட்டது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் நான் போட்டுக்கொடுத்தேன், அவர் தூங்கியதும் கழற்றினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டதை நான் போட்டுக்கொடுத்தேனே, அது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் கொதிக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

நிமோனியா. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மூச்சுக்காக மூக்கில் வைக்கும் முகமூடி போதவில்லை. கழுத்தில் துளையிட்டு மெஷினை இணைத்தால் மூச்சு ஓடும். வருஷக்கணக்காகக்கூட ஓடலாம். இல்லாவிட்டால் மருந்து கொடுத்து வலியில்லாமல் போகவிடலாம். டாக்டர் இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

மெஷின் வேண்டாம் என்று இவர் கோடையிலேயே சொல்லியிருந்தார். நான் அருகில்தான் இருந்தேன். இப்போதும் மனதை மாற்றிக்கொள்ளலாம், அவரே பதில் சொன்னால் போதும் என்றார் டாக்டர்.

அகல்யா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து இவர் காதருகே போனேன்.

"இருங்க" என்றேன். "என்னங்க, எனக்காக இருங்க. போகாதீங்க."

வேறு என்னென்னவோ சொன்னேன். காப்பித் தட்டை வைத்துவிட்டுப் போனேனே அன்றைக்கே பிடித்திருந்தது என்றுகூடச் சொன்னேன். இருபத்தேழு வருஷமாகச் சொல்லாததெல்லாம் கட்டிலைச் சுற்றி இழுத்த பச்சைத் திரைக்குள் வைத்துச் சொன்னேன்.

டாக்டர் மெஷின் வேண்டுமா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மேலே உயர்த்தினார். ஆமாம் என்பதற்கும் அதுதான் அடையாளம்.

பிப்ரவரி 19

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

காரிடாரில் அகல்யா கேட்டாள். "ம்மா, நீ அப்பாகிட்ட என்ன வேணும்னு கேட்டியா, இல்ல அப்பாவ இருக்கச் சொன்னியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

அவள் இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின். அது மூச்சு விடும் சத்தம் சமையலறை வரை கேட்கிறது. சளி எடுக்கவேண்டும், குழாயைச் சுத்தம் செய்யவேண்டும், புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், வயிற்றுக் குழாயில் ஊற்றவேண்டும். பகலில் சில மணி நேரம் ஒரு நர்ஸ் வருகிறாள். மற்ற நேரமெல்லாம் நான்தான்.

கூடவே உட்கார்ந்து தினமும் ஏதாவது பேசுகிறேன். இப்போது எனக்குப் பேச வருகிறது.

ஏப்ரல் 19

டேல் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து போட்டி முடிவுகளைச் சொன்னார். இவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது கண் வறண்டு போவதால் வருவது என்று நர்ஸ் சொன்னாள்.

வாசலில் டேல் என் தோளைத் தொட்டு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். இவர் இருக்கிறார் என்றேன்.

மே 30

கண்ணை உயர்த்துவதும் மெதுவாகிவிட்டது. சில சமயம் உயர்த்தினாரா, சும்மா அசைந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் இதுவும் நின்றுபோகலாம் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் உள்ளே இருப்பார், ஆனால் சொல்ல வழி இருக்காது. காது கேட்கும், வலி தெரியும்.

ஜூன் 14, ஞாயிறு

ரொம்ப நாள் கழித்து இன்று பலகையைக் கேட்டார். கேட்டார் என்றால், சுவரில் அது தொங்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து வந்தேன். காலையில் ஆரம்பித்தது. நர்ஸ் வந்து போகும்வரை ஆயிற்று.

போதுமா

தலையணை உயரம் போதுமா என்று கேட்கிறார் என்று நினைத்து, "போதும், சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கொஞ்சம் சரிசெய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 15

இன்றைக்கும் அதே வார்த்தை.

போதுமா மதி

பெயரை எழுதத் தேவையே இல்லை. என்னைத் தவிர இங்கே யார் இருக்கிறார்கள்? இரண்டு எழுத்துக்கு அவ்வளவு பாடுபட்டார்.

துணி உலர்த்தப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

ஜூன் 17

அகல்யாவிடம் போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இவர் முழித்திருக்கும் நேரமெல்லாம் சுவரையே பார்க்கிறார்.

ஜூன் 18, வியாழன்

பலகையில் காப்பி கொட்டிவிட்டது. கழுவிப் பின்பக்கம் வெயிலில் வைத்திருக்கிறேன். காய்ந்ததும் கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 21, ஞாயிறு

நல்ல வெயில். துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. பலகை இன்னும் காயவில்லை.